ஆணி புடுங்கியாச்சு, அடுத்தது போல்ட்டு

ரெண்டு மாசமா லேப்ல ஆணி ரொம்ப அதிகம். அதான் இந்தப் பக்கம் வரல. போன வார இறுதியில ஆணிக்கு லீவு விட்டுட்டு ஒரு போல்ட்டு புடுங்கினோம். ஒரே ஒரு போல்ட்டு. அதுக்கு ஒரு முழுப் பதிவான்னு கேக்காதீங்க. கார் ரிப்பேரை வீட்டுலயே பாக்கணும்னு நெனைக்கிற வெளிநாட்டுத் தமிழ் மாணவர் சங்கத்துக்கு (உறுப்பினர் எண்ணிக்கை: கையில காசு இல்லாத எல்லாரும்) இது உபயோகப்படும்.

நம்ம ஊர்ல ஒருத்தரைப் பத்தி 'மரை கழண்ட கேஸ்'னு ரொம்ப ஈசியாச் சொல்லிடுறோம். உண்மையில மரை அவ்வளவு லேசுல கழறாதுங்க. அதைக் கழட்டறதுக்கு இயற்பியல், கணக்கு, பொறுமை, ஒரு நீளமான இரும்புக் குழாய் எல்லாம் வேணும். சரி, மேட்டருக்கு வருவோம்.

கதாநாயகன் யாருன்னா

வண்டி 2002 மாடல் ஹோண்டா அக்கார்ட், 2.3 லிட்டர், நாலு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். நானும் என் ரூம்ல இருக்கிற விருதுநகர்த் தம்பியும் பாதிப் பாதி போட்டு வாங்கினது. மீட்டர்ல 1,60,000 மைல் சொச்சம். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல.

டைமிங் பெல்ட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: எஞ்சினுக்குள்ள பிஸ்டன்கள் சுத்த வைக்கிற கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறந்து மூடுற கேம் தண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிற பல் வெச்ச ரப்பர் பட்டை. ரெண்டும் தாளம் தப்பாம ஓடணும். எங்க வண்டி மாதிரியான எஞ்சின்கள்ல, ஓடும்போது இந்தப் பட்டை அறுந்தா பிஸ்டன் மேல வந்து திறந்திருக்கிற வால்வு மேல மோதும். அதுக்கப்புறம் ரிப்பேர் செலவு வண்டி விலையைத் தாண்டிடும். இந்த எஞ்சினுக்கு 1,05,000 மைல் அல்லது 7 வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்தணும்ங்கிறது கணக்கு.

இதுல அவசரம் என்னன்னா, தம்பிக்கு திங்கட்கிழமை இன்டர்ன்ஷிப் ஆரம்பம். ஆபீஸ் ஃபோர்ட் வொர்த்துக்கு வடக்கே, போக வர அறுபது மைல். நாங்க இருக்கிறது டெக்சஸ்ல ஆர்லிங்டன். கிட்டத்தட்ட நாலு லட்சம் பேர் இருக்கிற ஊர், ஆனா நம்ம டவுன் பஸ் மாதிரி தடம் போட்டு ஓடுற பஸ் கிடையாது. இருந்த ஒரே தடமும் 2017 டிசம்பர் கடைசியில நின்னு போச்சு. அதுக்குப் பதிலா போன்ல கூப்பிட்டா வர்ற வேன் விட்டிருக்காங்க. ஊருக்குள்ள கடைக்குப் போக சரி, அறுபது மைல் வேலைக்கு அது ஆகாது. அதனால வண்டி இல்லைன்னா வேலை இல்லை. வேலை இல்லைன்னா இந்தக் கோடைக்கு வாடகை இல்லை.

ஒர்க்‌ஷாப்ல விசாரிச்சோம். பெல்ட், வாட்டர் பம்ப், கூலி எல்லாம் சேர்த்து 900 டாலர்னாங்க. தம்பி மொகத்தைப் பாக்க முடியல. "அண்ணா, நம்மளே பாத்தா என்ன?"ன்னான். யோசிச்சேன். சாமான் மட்டும் வாங்கினா 200 டாலர் பக்கம் முடிஞ்சிடும். வேலையும் நீளமே தவிர, பாத்துப் பாத்துச் செஞ்சா செய்யக்கூடியதுதான். நடுவுல நிக்கிறது ஒரே ஒரு ஆள்: கிராங்க் புல்லி போல்ட்.

எஞ்சினோட ஓரத்துல இருக்கிற பெரிய புல்லியை கிராங்க் தண்டோட பிடிச்சு வெச்சிருக்கிற 19 மி.மீ. தலை போல்ட் அது. அது கழண்டாத்தான் புல்லி வரும், புல்லி வந்தாத்தான் பெல்ட் மூடி வரும். ஹோண்டா வெச்சிருக்கிறவங்க கிட்ட இந்தப் போல்ட் பத்திக் கேட்டுப் பாருங்க, மாமியார் கதை மாதிரி ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. :-)

போல்ட் ஏன் வர மாட்டேங்குது?

நம்ம எல்லாரும் நெனைக்கிறது: போல்ட் வரலைன்னா துரு பிடிச்சிருக்கு. பாதி நேரம்தான் அது சரி.

போல்ட்டை முடுக்கும்போது உண்மையில நடக்கிறது இதுதான். போல்ட் ஒரு கெட்டியான ஸ்பிரிங். முடுக்க முடுக்க அது துளியூண்டு நீளுது. நீண்டது மறுபடி சுருங்கப் பாக்குது. அந்த இழுப்புதான் ரெண்டு பாகத்தையும் சேர்த்துப் பிடிக்குது. ஆனா நம்ம குடுக்கிற திருகு விசையில கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் இப்படி நீட்டறதுக்குப் போகுது. ஏறக்குறைய பாதி போல்ட் தலைக்கு அடியில உரசல்லயே போயிடும். மீதி நாப்பது சதவீதம் மரையில உரசல்ல போயிடும். அதாவது போல்ட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிறது பெரும்பாலும் உராய்வுதான். அந்த உராய்வை எது கூட்டினாலும், அது துருவா இருக்கலாம், அழுக்கா இருக்கலாம், வருஷக் கணக்கா சூடாகி ஆறினதா இருக்கலாம், முடுக்கினதை விட அதிக விசை குடுத்தாத்தான் கழறும்.

அதனால கழறாத போல்ட் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. நான் பாத்த வரைக்கும் மூணு வகை.

ஒண்ணு, துருப் பிடிச்சது. சைலன்சர் பக்கம், வண்டிக்கு அடியில இருக்கிறது. பனிக்கு ரோட்டுல உப்புப் போடுற வட மாநிலங்கள்ல இதுதான் பெரிய வில்லன். இரும்பு துருவாகும்போது அதோட கன அளவு பல மடங்கு ஊதுது. மரை இடுக்குல அது ஆப்பு அடிச்ச மாதிரி உக்காந்துக்கும்.

ரெண்டு, ஒட்டினது. மரையில பசை போட்டு முடுக்கியிருப்பாங்க. அல்லது அலுமினியத்துல எஃகு போல்ட் உக்காந்து, ஈரம் பட்டு ரெண்டு உலோகமும் ஒண்ணையொண்ணு அரிச்சுக்கிட்டு ஒட்டியிருக்கும்.

மூணு, வெறுமனே ரொம்ப இறுக்கமா இருக்கிறது. துரு இல்ல, பசை இல்ல. முடுக்கினதே அவ்வளவு பலமா. எங்க கிராங்க் போல்ட் இந்த ஜாதி. இதுக்குப் புதுசா முடுக்கும்போதே 245 நியூட்டன் மீட்டர், அமெரிக்கக் கணக்குல 181 அடி-பவுண்டு. சக்கர நட்டுக்குக் குடுக்கிறதை விட ரெண்டு மடங்குக்கும் மேல. இருபது வருஷம் சூட்டுல கிடந்த பிறகு அது எவ்வளவு கேக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க.

எந்த ஜாதின்னு தெரிஞ்சுக்காம வைத்தியம் பண்ணினா, தலைவலிக்கு வயித்து மாத்திரை போட்ட கதைதான்.

ஆளாளுக்கு ஒரு வைத்தியம்

எண்ணெய்: துரு ஜாதிக்கு இது முதல் மருந்து. நம்ம ஊர்ல மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி ராத்திரி முழுக்க ஊற வெப்பாங்க. இங்க அதுக்குன்னே ஊடுருவும் எண்ணெய் டப்பாவுல கிடைக்குது. எல்லார் வீட்டுலயும் இருக்கிற டபிள்யூடி-40 பத்தி ஒரு சேதி: அது 1953-ல சான் டியாகோவுல, தண்ணியை விரட்டி துருப் பிடிக்காம தடுக்கறதுக்காகச் செஞ்சது. 40-ங்கிறது நாப்பதாவது முயற்சியில கிடைச்ச கலவைங்கிறதால. ஏற்கெனவே பிடிச்ச துருவுக்குள்ள இறங்கறதுக்குன்னே செஞ்ச எண்ணெய்கள் வேற இருக்கு. எதுவா இருந்தாலும் அடிச்ச உடனே ஸ்பேனரைத் தூக்காதீங்க. நேரம் குடுங்க. முதல் நாள் ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை. எங்க போல்ட்டுக்கு இதால பெருசாப் பலன் இல்லை. தலை நல்லா அழுந்தி உக்காந்திருக்கு, எண்ணெய் இறங்க வழியே இல்ல.

தட்டு: சுத்தியால போல்ட் தலையில நேரா நாலு தட்டு. (சுத்தியல்னதும் 2019-ல உலகமே நேசமணிக்காகப் பிரார்த்தனை பண்ணினது ஞாபகம் வருதா?) துருவோட பிடிப்பை அந்த அதிர்ச்சி உடைக்கும், எண்ணெய் உள்ள போகும். ஆனா கிராங்க் போல்ட்ல சம்மட்டி எடுத்து விளையாடக் கூடாது. அந்த அடி நேரா கிராங்க் தண்டோட பேரிங்குக்குப் போகும்.

சூடு: எஃகைச் சூடு பண்ணினா விரியும். 16 மி.மீ. தடிமன் போல்ட்டை 200 டிகிரி ஏத்தினா அதோட விட்டம் கிட்டத்தட்ட 0.04 மி.மீ. கூடும். தலைமுடியில பாதி. அவ்வளவுதானான்னு தோணும். ஆனா துருவையும் பசையையும் விரிசல் விட வைக்க அது போதும். பலமான சிவப்புப் பசை போட்ட மரைன்னா சுமார் 250 டிகிரி காட்டினாத்தான் இளகும். நட்டும் போல்ட்டுமா இருந்தா நட்டைத்தான் சூடு பண்ணணும், அது விரிஞ்சு இடம் விடும். எங்க போல்ட்டுக்குப் பின்னாடி ரப்பர் சீல், பக்கத்துல பிளாஸ்டிக் மூடி, அதுமேல எண்ணெய்க் கசிவு. நெருப்புங்கிற பேச்சுக்கே இடமில்லை.

இம்பாக்ட் கன்: பேட்டரியில ஓடுற இம்பாக்ட் ரெஞ்ச் தம்பியோட நண்பன் ஒருத்தன் கிட்ட இருந்துச்சு. நொடிக்குப் பல தடவை சுத்தியால அடிக்கிற மாதிரி திருகும். பத்து நொடி 'டர்ர்ர்'னு கத்துச்சு, போல்ட் அசையவே இல்ல. ஏன்னா எங்களுக்கும் போல்ட்டுக்கும் நடுவுல நீளமான, ஒல்லியான எக்ஸ்டென்ஷன் தண்டு. ஒவ்வொரு அடியையும் அந்தத் தண்டு முறுக்கிக்கிட்டு தானே விழுங்கிடுது. போல்ட்டுக்குப் போய்ச் சேர்றது மிச்சம் மீதி. இந்த ஹோண்டா போல்ட்டுக்குன்னே குண்டா, கனமா ஒரு சாக்கெட் விக்கிறாங்க. அந்தக் கனம்தான் அடியைச் சிந்தாம போல்ட்டுக்குக் கொண்டு போய்ச் சேக்குது.

ஸ்டார்ட்டர் தந்திரம்: நெறைய பேர் சொல்றது இது. பிரேக்கர் பாரை போல்ட்ல மாட்டி, கைப்பிடியை வண்டி அடியில முட்டுக் குடுத்துட்டு, சாவியை ஒரு நொடி திருப்பு, எஞ்சினே சுத்தி போல்ட்டைக் கழட்டிடும்னு. தப்பினா அந்தப் பார் பறந்து வரும்ங்கிறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், புல்லியை நேரா பாத்தா கடிகார முள் திசையில சுத்துற எஞ்சின்களுக்குத்தான் இது பொருந்தும். எங்க அக்கார்ட் எஞ்சின் எதிர்த் திசையில சுத்துற ரகம். அந்தக் காலத்து ஹோண்டா நாலு சிலிண்டர் எஞ்சின் பலதும் அப்படித்தான். இதுல ஸ்டார்ட்டரைப் போட்டா போல்ட் கழறாது, இன்னும் முடுக்கிக்கும்! ஒரு வண்டிக்குச் சரியான வைத்தியம் அடுத்த வண்டிக்கு விஷம்.

திசையைப் பத்திப் பேசும்போது இதையும் சொல்லிடறேன். பெரும்பாலான போல்ட் இடது பக்கம் திருப்பினா கழறும், தலையை நேராப் பாக்கும்போது. வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்திருக்கும்போது இந்த இடது வலது குழம்பும். மனசுக்குள்ள போல்ட் தலைக்கு முன்னாடி போய் நின்னு யோசிங்க. விதிவிலக்கும் உண்டு. சைக்கிளோட இடது பெடல், நம்ம வீட்டு மேசை ஃபேனோட இறக்கையைப் பிடிக்கிற மூடி எல்லாம் எதிர் மரை. முழுப் பலத்தையும் போடறதுக்கு முன்னாடி அரை நிமிஷம் புத்தகத்தைப் பாத்துக்கறது உத்தமம்.

நெம்புகோல் கணக்கு

கடைசியில எங்களைக் காப்பாத்தினது ஆர்க்கிமிடீஸ்தான்.

245 நியூட்டன் மீட்டர் விசை வேணும்னு வெச்சுக்கோங்க. கால் மீட்டர் நீள ரேட்செட்டால அதைக் குடுக்கணும்னா நுனியில 100 கிலோ எடை தொங்கணும். அரை மீட்டர் பார்னா 50 கிலோ. அதுலயே ஒரு குழாயைச் செருகி 1.2 மீட்டர் ஆக்கினா 21 கிலோ போதும். இருபது வருஷப் பிடிவாதத்துக்காக ரெண்டு மடங்கு கேட்டாக்கூட 42 கிலோ. தம்பி ஒல்லி, ஆனா 42 கிலோவுக்கு மேலதான் இருப்பான்.

இதுல கவனிக்க வேண்டியது நாலு விஷயம்.

1. ரேட்செட்டைப் போடாதீங்க. உள்ள இருக்கிற சின்னப் பல்லு பொடியாயிடும். பல்லே இல்லாத பிரேக்கர் பார்தான் இதுக்கு.

2. சாக்கெட் ஆறு முனை உள்ளதா இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் போல்ட் தலையோட மூலையை மட்டும் பிடிக்கும், வழுக்கினா தலை உருண்டையாயிடும். தலை உருண்டையானா அதுக்கப்புறம் போல்ட் உங்களுக்குப் பயப்படாது.

3. புல்லியைப் பிடிச்சுக்க ஆள் வேணும். இல்லைன்னா போல்ட்டோட சேர்ந்து எஞ்சினே சுத்தும். மேனுவல் வண்டின்னா கியரைப் போட்டு பிரேக்கை அமுத்தி ஓரளவு சமாளிக்கலாம். ஆட்டோமேட்டிக்ல எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல எண்ணெய்தான் இருக்கு, அது பிடிச்சு நிறுத்தாது. ஹோண்டா புல்லி நடுவுல 50 மி.மீ. அறுகோணக் குழி ஒண்ணு இருக்கும். அதுல உக்கார்ற பிடிப்பான் கருவி 20 டாலருக்குள்ள வாங்கினோம். வேற பல கருவிகளை ஆட்டோசோன், ஓ'ரெய்லி மாதிரி உதிரிபாகக் கடைகள்ல இரவலாவே தர்றாங்க. முன்பணம் கட்டிட்டு எடுத்துட்டுப் போய், திருப்பிக் குடுத்தா முழுக் காசும் வந்திடும். மாணவர்களுக்கு இது பெரிய வரம்.

4. வண்டியை ஜாக்கில மட்டும் நிறுத்திட்டு எந்த வேலையும் பண்ணாதீங்க. ஸ்டாண்ட் குடுங்க, பின் சக்கரத்துக்குக் கட்டை குடுங்க, ஹேண்ட் பிரேக் போடுங்க. நெம்புற ஆள் வெளியில நிக்கணும், வண்டிக்கு அடியில ஒரு கை கூட இருக்கக் கூடாது.

முதல்ல அந்தப் போல்ட்டு

இப்ப இந்தப் பதிவோட சாரம். மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வெச்சுக்கோங்க.

டைமிங் பெல்ட் வேலைக்கு நெறைய பாகம் கழட்டணும். வெளிப் பெல்ட், வால்வு மூடி, எஞ்சினைத் தாங்குற மவுன்ட், இப்படி. ஆனா கிராங்க் போல்ட்டைத் தொடறதுக்கு இதுல எதையும் கழட்ட வேண்டியதில்லை. டிரைவர் பக்கத்து முன் சக்கரத்தைக் கழட்டி, சேறு தடுக்கிற பிளாஸ்டிக்கை விலக்கினா நேரா போல்ட் தெரியும்.

அதனால முதல்ல அந்தப் போல்ட்டு. அது வந்தாத்தான் மத்தது. வரலையா? சக்கரத்தை மாட்டு, வண்டியை எடு, 900 டாலரைக் கடன் வாங்கு, ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போ. வண்டி முழுசா இருக்கு, எதுவும் கெட்டுப் போகல. அதுவே எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் இந்தப் போல்ட்ல மாட்டினா, வண்டியைத் தூக்கிட்டுப் போக டிரக் கூப்பிடணும். திங்கட்கிழமை வேலையும் போச்சு.

முதல் நாள் ராத்திரியே தம்பிகிட்ட மூணு விஷயம் பேசி முடிவு பண்ணினோம். போல்ட் தலை முனை மழுங்க ஆரம்பிச்சா நிறுத்திடணும். ஸ்டாண்ட் மேல வண்டி அசைஞ்சா நிறுத்திடணும். சனிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள்ள வரலைன்னா நிறுத்திடணும். நெம்பிக்கிட்டு இருக்கும்போது கோவம் வரும், 'இன்னும் ஒரே ஒரு தடவை'ன்னு தோணும். அந்த நேரத்துல எடுக்கிற முடிவு உருப்படாது. அதனால நிறுத்தற எல்லையை நல்ல புத்தியில இருக்கும்போதே போட்டுடணும்.

சனிக்கிழமை

காலை ஏழு மணிக்கே வீட்டு முன்னாடி ஆரம்பிச்சோம். (வீட்டு ஓனர் கிட்ட முன்னமே கேட்டாச்சு. அபார்ட்மென்ட்டுகள்ல பார்க்கிங்ல ரிப்பேர் பண்ணக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருப்பாங்க, பாத்துக்கோங்க.) பத்து மணிக்கெல்லாம் டெக்சஸ் வெயில் கரூர் வெயிலுக்கு அண்ணன் ஆயிடுச்சு. இம்பாக்ட் கன் கைவிரிச்சாச்சு. பாருல குழாயைப் போட்டு தம்பி தொங்கறான், எக்ஸ்டென்ஷன் தண்டு வில்லு மாதிரி வளையுது, போல்ட் சிரிக்குது.

பக்கத்து வீட்டுல ஒரு மெக்சிகோப் பெரியவர். மான்டெர்ரே பக்கத்துலேர்ந்து வந்து முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்து ஓய்வு பெற்றவர். எங்களை 'மிஹோ'ன்னுதான் கூப்பிடுவார். 'என் மகனே'ன்னு அர்த்தம், நம்ம கொங்கு நாட்டுல 'கண்ணு'ங்கிற மாதிரி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு காபி குடிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் ஒண்ணும் சொல்லாம அவர் கராஜுக்குள்ள போய், எங்களுதை விட ரெண்டு மடங்கு தடிமனா ஒரு எக்ஸ்டென்ஷன் தண்டு, அதுக்கேத்த பார், இன்னொரு ஸ்டாண்டு மூணையும் தூக்கிட்டு வந்தார்.

அந்த மூணாவது சாமான்தான் விஷயமே. எக்ஸ்டென்ஷனோட வெளி முனையை அந்த ஸ்டாண்டு மேல தாங்கி வெச்சார். இது வரைக்கும் நாங்க குடுத்த பலத்துல பாதி தண்டைக் கீழ வளைக்கிறதுல போயிட்டிருந்துச்சு. சாக்கெட்டும் கோணலா உக்காந்துச்சு. இப்ப தண்டு கீழ இறங்க முடியாது. குடுக்கிறது அத்தனையும் திருகலா மட்டும்தான் போயாகணும். பிடிப்பானோட கைப்பிடியை வண்டியோட முன் பக்கம் நீட்டி, தரையில மரக்கட்டை மேல ஊன்ற வெச்சார். பாக்கெட்லேர்ந்து வெள்ளை பெயின்ட் பேனாவை எடுத்து போல்ட் தலையிலேர்ந்து புல்லி வரைக்கும் ஒரு கோடு போட்டார். எதுக்குன்னு கேட்டேன். "இரும்பு முறுக்கிக்கிறதும் போல்ட் நகர்றதும் கைக்கு ஒரே மாதிரி இருக்கும் மிஹோ. கோடு பொய் சொல்லாது"ன்னார்.

அப்புறம் தம்பிகிட்ட, வெடுக்குன்னு இழுக்காதே, குழாய் நுனியில உன் எடையை மெதுவா இறக்கு, இறக்கிட்டு அப்படியே நில்லுன்னார். 'போக்கோ அ போக்கோ', கொஞ்சம் கொஞ்சமா. கையில எப்படி உணரணும்னும் சொன்னார். கெட்டியாவே இருந்து பட்டுனு விட்டா போல்ட் கழறுது. கெட்டியா இருந்தது கொழகொழன்னு ரப்பர் மாதிரி இளக ஆரம்பிச்சா எதோ ஒண்ணு முறுகி ஒடையப் போகுது, உடனே விடு. இத்தனை நாள் படிச்ச பொருளறிவியல் பாடத்துல வளைவு, முறிவுன்னு படம் போட்டுக் காட்டினதை அவர் உள்ளங்கையில வெச்சிருக்கார்.

தம்பி எடையை இறக்கினான். ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம். ஒண்ணுமில்ல. பெரியவர் கையைக் காட்டி, அப்படியே நில்லுன்னார். அஞ்சு நொடி, பத்து நொடி.

'டப்'!

துப்பாக்கி வெடிச்ச மாதிரி சத்தம். எதோ உடைஞ்சிருச்சுன்னுதான் நெனைச்சேன். தம்பி தரையில உக்காந்துட்டான். பெரியவர் குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தார். வெள்ளைக் கோடு ரெண்டாப் பிரிஞ்சு, போல்ட் மேல இருந்த பாதி ஒரு விரல் அளவு நகர்ந்திருந்துச்சு. மணி பதினொண்ணே கால். தம்பி விருதுநகருக்கே கேக்குற மாதிரி ஒரு விசில் அடிச்சான்.

மீதியைச் சுருக்கமாச் சொல்றேன். சனிக்கிழமை சாயந்திரமும் ஞாயிறு பகலும் பெல்ட், பேலன்சர் பெல்ட், வாட்டர் பம்ப் மாத்தினோம். பழைய பெல்ட் முதுகுல நெடுக வெடிப்பு. இன்னும் எத்தனை மைல் தாங்கியிருக்கும்னு தெரியாது, தெரியவும் வேண்டாம். குறி பாத்து மாட்டி, சாவி போடறதுக்கு முன்னாடி எஞ்சினை அது சுத்துற திசையிலயே கையால சுத்திப் பாத்து, குறியெல்லாம் மறுபடி நேரா வருதான்னு சரி பாத்தோம். அந்தப் போல்ட்டை இரவல் டார்க் ரெஞ்ச்சால சரியா 245 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினோம். 'இனிமே வேண்டாம், லேசா வெப்போம்'னு தம்பி சொன்னான். :-) அது ஆகாது. தளர்வா விட்டா ஓட ஓட புல்லி ஆடி, சாவித் துளையையும் கிராங்க் தண்டையும் தின்னுடும். அடுத்து கழட்டறவனுக்குக் கஷ்டம்தான், என்ன பண்றது.

செலவு: சாமான் 210, பிடிப்பான் 18, எண்ணெய், கையுறை, சில்லறை எல்லாம் சேர்த்து 240 டாலர். பெரியவருக்குக் காசு குடுக்கப் போனா வாங்க மாட்டேன்னுட்டார். தம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி மட்டன் சுக்காவும் பரோட்டாவும் கொண்டு போய்க் குடுத்தான். காரம் போதலைன்னு பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டாராம்.

ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. ஒர்க்‌ஷாப்ல கேட்ட 900 டாலரைப் பாத்து 'கொள்ளை'ன்னு சொன்னோம். இப்ப அப்படிச் சொல்ல வாய் வரல. அந்த ஸ்டாண்டை எங்க வைக்கணும்னு தெரிஞ்சுக்க அந்தப் பெரியவருக்கு முப்பது வருஷம் ஆச்சு. நம்ம ஊர்ல டூவீலர் கடையில 'பன்னண்டு பதிமூணு பானா எடுடா'ன்னு கேட்டதும் பாக்காமலே எடுத்து நீட்டற பையனுக்கும் அந்தக் கை இருக்கு. அவன்கிட்ட பத்து ரூபாய்க்குப் பேரம் பேசிட்டு வந்தவங்கதான நம்ம எல்லாம்.

தம்பி திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கெளம்பினான். ஏழு மணிக்குப் போன் பண்ணி, "வந்துட்டேன்ணா, வண்டி தையல் மெஷின் மாதிரி ஓடுது"ன்னான்.

உங்க வாழ்க்கையில கழறாத போல்ட் எது, எப்படிக் கழட்டினீங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. முக்கியமா கனடா, நார்வே பக்கம் இருக்கிறவங்க. உப்புத் துருவுக்கு உங்க கிட்டதான் உண்மையான வைத்தியம் இருக்கும்.

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்லை. இதுல சொன்ன அளவெல்லாம் 1998-லேர்ந்து 2002 வரைக்கும் வந்த அந்த அக்கார்ட் நாலு சிலிண்டருக்கு. உங்க வண்டிக்கு உங்க புத்தகத்தைப் பாருங்க. ஸ்டாண்ட் இல்லாம வண்டிக்கு அடியில போனீங்கன்னு தெரிஞ்சா, பின்னூட்டத்துல வந்து திட்டுவேன்.